புயல் வரும் கரையில் வீட்டு மரங்கள்

சென்னையிலிருந்து கோடியக்கரை வரை கடலை ஒட்டிச் செல்லும் வழி ஏறத்தாழ 350 கிலோமீட்டர். இந்த வழியில் உள்ள ஊர்கள் தங்கள் மரங்களைப் பற்றிப் பேசும்போது ஏதாவது ஒரு புயலின் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்லை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் 2011 டிசம்பர் 30இல் வந்த தானே, சென்னைக்கு 2016 டிசம்பர் 12இல் வந்த வர்தா, வேதாரண்யத்துக்கு 2018 நவம்பர் 16இல் வந்த கஜா. வீட்டைச் சுற்றி மரம் வைக்க நினைப்பவர் மனத்தில் பொதுவாக முதலில் வருவது நிழலும் பழமும். இந்தக் கரையில் அதற்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: காற்று எவ்வளவு, ஐப்பசி மழையில் தண்ணீர் எத்தனை நாள் தேங்கும், மண் எப்படிப்பட்டது. வடக்கிலிருந்து தெற்கே போகப் போக இந்த மூன்றுக்கும் விடை மாறுகிறது. வீட்டு மரங்களும் கூடவே மாறுகின்றன.

சென்னையில் வர்தா ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. சாலையோரங்களில் அதிகம் விழுந்தவை தூங்குமூஞ்சி, செம்மயிற்கொன்றை, மஞ்சள் பூப் பூக்கும் பெருங்கொன்றை போன்றவை. தூங்குமூஞ்சி அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்தும், செம்மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்தும் வந்தவை. வேகமாக வளர்ந்து, அகலமாகக் குடை விரித்து, பூவால் தெருவையே நிறைக்கும் என்பதற்காக வைக்கப்பட்டவை. விழுந்த மரங்களின் அடியைப் பார்த்தால் காரணம் தெரியும். வேர்த்தொகுதி ஆழமில்லாமல், பெரிய தாம்பாளம் போலத் தட்டையாக மண்ணோடு பெயர்ந்து நிற்கும். பல மரங்களில் அந்தத் தட்டின் ஒரு பக்கம் நேராக அரிந்தது போல இருக்கும். மழைநீர் வடிகாலுக்கோ கேபிளுக்கோ பள்ளம் தோண்டியபோது வேர் அறுபட்ட இடம் அது. மறுபக்கம் தூரைச் சுற்றிச் சிமென்ட் பூசியிருக்கும். அயல்நாட்டு மரம் என்பதால் மட்டும் விழவில்லை. ஒரு பக்கம் வேர் இல்லாத எந்த மரமும் விழத்தான் செய்யும். ஆனாலும் உச்சி கனத்த, கட்டை மென்மையான மரத்தைச் சிறு மனைக்குள் வைப்பது தெரிந்தே ஆபத்தை அழைப்பதுதான்.

சென்னை மனைக் கணக்கில் ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. இன்று பலருக்குக் கிடைப்பது அதில் பாதி. அதில் வீடு, கார் நிற்கும் இடம், கழிவுநீர்த் தொட்டி எல்லாம் போக மரத்துக்கு மிஞ்சுவது பின்பக்கமோ மேற்குப் பக்கமோ ஒரு கீற்று. மேற்குப் பக்கம் கிடைத்தால் நல்லது. ஆனி, ஆடி மாதங்களில் கடற்காற்று எழும்பும் வரை மேற்கிலிருந்துதான் வெக்கை வருகிறது. பிற்பகல் வெயிலும் அந்தச் சுவரில்தான் அறைகிறது. அங்கே அடர்ந்த நிழல் தரும் புங்கை ஒன்று நின்றால் அறைக்குள்ளேயே வித்தியாசம் தெரியும். கிழக்குப் பக்கம் கடற்காற்று வரும் வழி. அங்கே மரம் வைத்தால் கீழ்க்கிளைகளைக் கழித்து, காற்று உள்ளே நுழைய இடம் விட வேண்டும். வேம்பு, புங்கை, மா போன்ற நடுத்தர மரங்களுக்குச் சுவரிலிருந்து 15 முதல் 20 அடியாவது தேவை. கொய்யா, எலுமிச்சை, மாதுளை, கறிவேப்பிலைக்கு 6 அடி போதும். ஆலும் அரசும் வீட்டு மனைக்கு உரியவை அல்ல. பறவை எச்சத்தில் வந்து மொட்டைமாடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்றை விரல் நீளம் இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும். வேர் செங்கல் இடுக்கில் இறங்கிவிட்டால் பிறகு சுவரை உடைத்துத்தான் எடுக்க முடியும்.

எந்த மரம் இந்தக் கரைக்குப் பொருந்தும் என்பதைக் கோயில்களே காட்டுகின்றன. திருவொற்றியூரில் தலமரம் மகிழம், மயிலாப்பூரில் புன்னை, திருவான்மியூரில் வன்னி. மூன்றும் கடலுக்கு மிக அருகில் உள்ள கோயில்கள். புன்னை உப்புக்காற்றைத் தாங்கும், மணலில் நிற்கும், ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும். மகிழம் மெதுவாக வளர்ந்து, கட்டை இறுகி, உருண்ட தலையோடு நிற்கும். காற்று அதை எளிதில் முறிப்பதில்லை. வன்னியின் வேர் ஆழம் போகும். பக்தியோடு பார்ப்பவருக்கு இவை தெய்வ மரங்கள். அந்தப் பக்தி இல்லாதவரும், பல நூறு ஆண்டுக் காற்றையும் உப்பையும் பார்த்துப் பழகிய மக்கள் போற்றிய மரங்கள் என்ற காரணத்துக்காகவே இவற்றை முதலில் எண்ணிப் பார்க்கலாம். இவை வேகமாக வளராது என்பதுதான் இன்றைய வீட்டுக்காரரின் குறை. அந்த மெதுவான வளர்ச்சியில்தான் கட்டையின் உறுதி இருக்கிறது.

அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் உள்ள பெரிய ஆலமரத்தின் அடிமரம் 1989இல் ஒரு புயலில் சாய்ந்தது. ஆனால் மண்ணில் இறங்கித் தூண்களாகிவிட்ட விழுதுகள் மரத்தைக் காப்பாற்றின. பண்ணை வீடு, பள்ளி வளாகம் போன்ற பெரிய இடத்தில் ஆல் வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தொங்கும் இளம் விழுதை மண் நிரப்பிய மூங்கில் குழாய்க்குள் விட்டுத் தரையில் ஊன்றச் செய்யலாம். விழுதை வெட்டிவிட்டு மரத்தை அழகுபடுத்துவது அதன் கால்களை வெட்டுவதற்குச் சமம்.

மரக்காணம் தாண்டி, புதுச்சேரிக்கு முன்னால் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு வருகிறது. சாலையில் விரைந்து செல்பவர்களுக்குச் சாதாரணப் புதர்க்காடாகத் தெரியும். இறங்கிப் பார்த்தால் சோழமண்டலக் கரையின் பழைய காடு எப்படி இருந்தது என்பதற்கு மிச்சமிருக்கும் சில சாட்சிகளில் ஒன்று அது என்பது புரியும். தாவரவியலார் இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். பாலை, வீரை, காசான், நாவல், அழிஞ்சில் போன்றவை இவ்வகைக் காட்டின் மரங்கள். பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் போகாமல், சிறிய தடித்த இலைகளோடு, ஒன்றையொன்று அணைத்து நிற்பவை. வீட்டு மனைக்கு ஏற்ற உயரமும் காற்றைத் தாங்கும் உடலும் இவற்றுக்கு இயல்பிலேயே உண்டு. இருந்தும் நாற்றுப் பண்ணைகளில் வரிசை வரிசையாக நிற்பவை வேறு மரங்கள். கேட்டால்தான் வளர்ப்பார்கள், கேட்க வேண்டும்.

அருகிலேயே ஆரோவில். 1968 பிப்ரவரி 28இல் தொடங்கப்பட்டபோது அது மண் அரித்துப்போன செம்மண் மேடு. மழை பெய்தால் செந்நீர் ஓடைகள் வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே வந்தவர்கள் மரம் நட்டதற்குச் சமமாகவே வரப்புக் கட்டும் வேலையும் செய்தார்கள். பெய்த மழை பெய்த இடத்திலேயே இறங்கினால்தான் கன்று பிழைக்கும். முன்னோடியாக ஆஸ்திரேலிய வேலமர வகைகள் நடப்பட்டன. அவை வெட்டவெளியைத் தாங்கி வேகமாக வளர்ந்து நிழலும் இலைச்சருகும் தந்தன. அந்த நிழலில் இந்த மண்ணுக்குரிய மரங்கள் பிறகு வைக்கப்பட்டன. தானே புயலில் அந்த வேலமரங்கள் ஏராளமாக முறிந்து விழுந்தன. வீட்டளவில் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நேரடியான ஒன்று உண்டு. புதிய மனையில் நிழலே இல்லையென்றால் முருங்கை, அகத்தி, வாழை போன்ற குறுகிய ஆயுள் கொண்டவற்றை முதலில் வைத்து, அவற்றின் அரைநிழலில் மகிழத்தையும் நாவலையும் வளர்க்கலாம். நான்கைந்து ஆண்டுகளில் பெரியது நிமிர்ந்ததும் முந்தியதை எடுத்துவிடலாம். அகத்தி பந்தல்காலாகவோ கீரையாகவோ வீட்டுக்குள்ளேயே பயன்பட்டுவிடும்.

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் நாற்றுப் பண்ணைகள் அதிகம். கன்று வாங்குபவர்கள் பெரும்பாலும் உயரத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பையின் அடியை. பாலித்தீன் பையில் நாள்பட இருந்த கன்றைக் கிழித்துப் பார்த்தால், ஆணிவேர் பையின் அடியைத் தொட்டு, போக வழியில்லாமல் திரும்பி, வட்டமாகச் சுற்றிக்கொண்டிருப்பது தெரியும். பக்க வேர்களும் பையின் ஓரமாகவே வளையமிட்டிருக்கும். அப்படியே குழியில் வைத்தால் மேலே மரம் வளரும், கீழே வளையம் தடிக்கும். பத்து ஆண்டு கழித்து ஒரு பெருங்காற்றில் மரம் சாயும்போதுதான் காரணம் வெளிவரும். ஆறடிக் கன்றை விட, இரண்டடி உயரத்தில், தண்டு பருத்து, வேர் சுருளாமல் இருக்கும் இளங்கன்று நல்லது. வேர் சுருளத் தொடங்கியிருந்தால் நடும்போது பையின் அடிப்பகுதி மண்ணை இரண்டு விரல் அளவு சீவி, சுற்றிய வேரைக் கூர்மையான கத்தியால் அறுத்துவிட வேண்டும்.

குழி பழமரங்களுக்கு மூன்றடி நீளம், அகலம், ஆழம். மற்றவற்றுக்கு இரண்டடி போதும். தோண்டிய மேல்மண்ணைத் தனியாக வைத்து, அதில் மக்கிய தொழுவுரமும் ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்ப வேண்டும். பையில் மண் எந்த மட்டம் வரை இருந்ததோ அதே மட்டம் வரைதான் குழியிலும் மண் வர வேண்டும்; தண்டு புதைந்தால் பட்டை அழுகும். ஊன்றுகோலைச் சணல் கயிற்றால் சற்றுத் தளர்வாகக் கட்ட வேண்டும். காற்றில் ஆடும் தண்டுதான் பருக்கிறது. ஆடாமல் இறுகக் கட்டிய கன்று கோலை எடுத்தவுடன் வளையும். ஓராண்டில் கோலை எடுத்துவிடலாம்.

நடும் காலத்தில் இரண்டு விதம். தண்ணீர் வடியும் மேட்டு மனையில் புரட்டாசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை கன்றை வளர்த்துவிடும். நீர் தேங்கும் பள்ளத்தில் மழை ஓய்ந்த பிறகு, மார்கழி, தையில் நடுவதே நல்லது. தினமும் ஒரு குவளை ஊற்றுவது பலர் செய்யும் சேவை. அது மேல்மண்ணை மட்டும் நனைத்து வேரை மேலேயே வைத்துக்கொள்ளும். வாரத்துக்கு இரண்டு முறை ஒரு குடம், பிறகு ஒரு முறை இரண்டு குடம் என்று ஆழமாக ஊறும்படி விட்டால் வேர் கீழே தேடிப் போகும். மரம் பெரிதாகப் பெரிதாகப் பாத்தியையும் தூரிலிருந்து தள்ளிக்கொண்டே போக வேண்டும், ஏனென்றால் தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் தூரடியில் இருப்பதில்லை. கிளை விரிந்த எல்லையிலும் அதற்கு அப்பாலும் மேல் இரண்டடி மண்ணில்தான் பரவியிருக்கும். பெருக்கிய சருகை எரிக்காமல் அங்கேயே மூடாக்காகப் போடலாம், தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி.

பண்ருட்டி பலாவின் ஊர். அதன் செம்மண் மேட்டில் தண்ணீர் நிற்காது. பலாவுக்கு வேண்டியது அதுவே. நீர் தேங்கும் களிமண்ணில் பலா நிற்காமல் பட்டுப்போகும். தானே புயலில் இங்கு முந்திரியும் முதிர்ந்த பலாமரங்களும் பெருமளவில் அழிந்தன. மூன்று தலைமுறை காய் தின்ற மரங்களை இழந்த குடும்பங்கள் உண்டு. பலாவுக்குப் பெயர்த்து நடுவது பிடிக்காது. கொட்டையை நிலைத்த இடத்திலேயே ஊன்றினால் ஆணிவேர் தடையின்றி இறங்கும். பெயரெடுத்த ரகம் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்று வாங்க வேண்டியிருக்கும்; அப்போதும் மிக இளங்கன்றாக வாங்குவதே நன்று. பலாவின் காய் அடிமரத்திலும் பெருங்கிளையிலும் காய்ப்பதால் உச்சியை ஓரளவு குறைத்தாலும் விளைச்சல் போய்விடாது. புயல் கரையில் இது ஒரு வரம்.

கவாத்து செய்யும் காலம் ஆவணி, புரட்டாசி, மழைக்கு முன்னால். உலர்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, குறுகிய கவையிலிருந்து செங்குத்தாக எழும் கிளை ஆகியவற்றை எடுத்து, காற்று மரத்தின் ஊடே புகுந்து போக வழி செய்ய வேண்டும். கனத்த கிளையை ஒரே வெட்டில் மேலிருந்து வெட்டினால் அது விழும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். முதலில் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி அடிப்பக்கத்தில் கால்வாசி அறுத்து, பிறகு சற்று வெளியே மேலிருந்து அறுத்து இறக்கி, மிஞ்சிய முண்டை மூன்றாவதாக அடியில் தெரியும் தடித்த வளையத்தை ஒட்டி எடுக்க வேண்டும். அந்த வளையத்தை வெட்டிவிடக் கூடாது. காயத்தை மூடிக்கொள்ளும் பட்டை அங்கிருந்துதான் வளர்கிறது. மின்கம்பிக்காக மரத்தின் தலையையே மொட்டையடிப்பதை எல்லா ஊரிலும் காணலாம். அப்படி வெட்டிய இடத்தில் கொத்தாக எழும் துளிர்கள் ஆழமான பிடிப்பில்லாதவை. இரண்டு ஆண்டில் பருத்து, அடுத்த காற்றில் அவைதான் முதலில் கழன்று விழும். கம்பிக்கு அடியில் தென்னையோ வேம்போ வைக்காமல் இருப்பதே இதற்குத் தீர்வு.

கொள்ளிடம் நெருங்க நெருங்க செம்மண் போய்க் களிமண் வருகிறது. சிதம்பரத்தின் தலமரமான தில்லை பிச்சாவரத்தின் உப்பங்கழிகளில் இன்றும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும் என்பதால் வீட்டுக்கு அது ஆகாது. காவிரிப் படுகை வீடுகளின் மரம் பூவரசு. வாய்க்கால் கரையிலும் கொல்லையிலும் அதுதான் நிற்கும். ஈரத்தையும் உப்பையும் தாங்கும், வண்டிக்கும் மேசைக்கும் கட்டை தரும், இலையில் கொழுக்கட்டை வேகும், குழந்தைகளுக்கு ஊதல் ஆகும். பெரும்பாலும் போத்து வெட்டி ஊன்றித்தான் வளர்க்கிறார்கள். வேலிக்கு அது போதும். தனித்து நின்று பெரிதாக வேண்டிய மரத்தை விதையிலிருந்து வளர்க்க வேண்டும். போத்தில் ஆணிவேர் கிடையாது. கிளுவை, ஒதியன், கல்யாண முருங்கை ஆகியவற்றைப் போத்தாக நட்டு உயிர்வேலி அமைக்கும் பழக்கம் சுற்றுச்சுவர் வந்தபின் மறைந்துகொண்டிருக்கிறது. இது உண்மையான இழப்பு. அந்த வேலி காற்றை உடைக்கும், ஆட்டுக்குத் தழை தரும், மண்ணைப் பிடிக்கும். சுவர் இதில் எதையும் செய்யாது.

களிமண்ணில் மற்றொரு கவலையும் உண்டு. கோடையில் மரம் நீரை உறிஞ்ச உறிஞ்ச மண் சுருங்கி வெடிக்கிறது. அடித்தளம் ஆழமில்லாத வீட்டில் சுவர் விரிசல் விடும். வேம்பும் அரசும் சுவரருகே நிற்கும் வீடுகளில் இது அதிகம். வேம்புக்குத் தேங்கும் நீரும் ஆகாது. ஆகவே படுகையில் வேம்பைத் தெருமுனை மேட்டுக்கு விட்டுவிட்டு, வீட்டருகே மூன்றடி உயர மண்மேடை கட்டி மாவும் கொய்யாவும் வைப்பது நல்லது. முருங்கை இங்கும் எங்கும் கொல்லையில் இருக்க வேண்டிய மரம். அதை வாசலை ஒட்டி வைக்கத் தயங்குவதற்குக் காரணம் பேயோ பிசாசோ அல்ல. மழைக்காலத்தில் தண்டில் கூட்டமாக அப்பிக்கொள்ளும் கம்பளிப்பூச்சியும், சிறு காற்றுக்கே முறியும் கிளையுமே காரணம். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 செடி முருங்கையை விதைத்து, காய்ப்பு முடிந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் இரண்டு தொல்லையும் குறையும்.

நாகப்பட்டினம் தாண்டினால் வேதாரண்யம் வரை மணலும் உப்பும். கஜா இங்கே கரையேறியபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் விழுந்தன. அதே காற்றில் பனைகள் பெரும்பாலும் நின்றன. பனை காய்க்கப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும் என்பதால் வீட்டுக்கு யாரும் நடுவதில்லை. ஆனால் மனையின் கடற்பக்க எல்லையில் விதை ஊன்றுவதற்குச் செலவு எதுவுமில்லை. தண்ணீரும் கேட்காது. தமிழ்நாட்டின் மாநில மரமான அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. தென்னை வைப்பவர்கள் மரத்துக்கு மரம் 25 அடி விட வேண்டும். நெருக்கி வைத்தால் ஒளி தேடி ஒல்லியாக உயர்ந்து எளிதில் சாயும்.

புயலுக்குப் பிறகு செய்யும் முதல் வாரத்து வேலை பல மரங்களை மீட்கும். தென்னையில் குருத்து திருகாமல் நேராக இருந்தால் மரம் பிழைக்கும்; மட்டை எல்லாம் ஒடிந்திருந்தாலும் இரண்டு மூன்று ஆண்டில் பழையபடி காய்க்கும். குருத்தழுகல் வராமல் இருக்க, ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் நூறு லிட்டர் நீரில் கலந்த போர்டோ கலவையைக் குருத்தில் படும்படி தெளிக்க வேண்டும். சாய்ந்த இளமரத்தை வேர் காயும் முன் நிமிர்த்தி, மண் அணைத்து, மூன்று பக்கம் முட்டுக் கொடுத்து, மட்டையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடலாம். முறிந்த பூவரசையும் முருங்கையையும் முறிவுக்குக் கீழே சாய்வாக வெட்டினால் போதும், தானே துளிர்க்கும். வயதான மாவும் பலாவும் வேரோடு பெயர்ந்திருந்தால் நிமிர்த்தும் முயற்சி பெரும்பாலும் பலிப்பதில்லை. கடல்நீர் ஏறிய மனையில் உடனே எதையும் நடாமல், ஒரு பருவமழை உப்பைக் கழுவிப் போக விட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுத பிறகு நடலாம்.

வழியின் முடிவில் கோடியக்கரைக் காடு. 1967 முதல் அது வனவிலங்குச் சரணாலயம். வெளிமானுக்குப் பெயர் பெற்றது. அங்கு மிகுதியாக உள்ள மரம் பாலை. உயரம் குறைந்து, கட்டை இரும்பாக இறுகி, உப்புக் காற்றுக்கு நடுவே பல தலைமுறையாக நிற்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த சப்போட்டா மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்தது. அதுவும் காற்றையும் ஓரளவு உப்பையும் தாங்கும். தமிழ்நாட்டில் சப்போட்டாவை ஒட்டுக் கட்டுவது பாலைக் கன்றின் மேல்தான். கடலோர வீட்டுக்குப் பழமும் வேண்டும், புயலில் நிற்கவும் வேண்டும் என்றால் இதைவிடப் பொருத்தமானது அரிது. வாங்கும்போது ஒட்டின் மூட்டு இறுகிச் சேர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நடும்போது அந்த மூட்டு மண்ணுக்கு ஒரு சாண் மேலே இருக்க வேண்டும். மூட்டுக்குக் கீழே துளிர்ப்பதெல்லாம் பாலையின் துளிர். சிறிய இலையை வைத்து அடையாளம் கண்டு அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் பாலை மேலேறி, சப்போட்டா தேய்ந்து பட்டுவிடும்.